புகைபோக்கியோடு கணக்கு முடிவதில்லை



அனல்மின் நிலையப் புகையிலிருந்து கரியமில வாயுவைப் பிரித்தெடுக்கும் தொழில்நுட்பத்தைப் பாராட்டிச் சென்ற இதழில் வந்த கட்டுரையைப் படித்தேன். 90 சதவீதம் பிடித்துவிடலாம் என்கிறார் கட்டுரையாளர். அது புகைபோக்கியின் வாயில் நின்று போட்ட கணக்கு. எண்ணூர்க்காரர்களுக்கு அனல்மின் நிலையம் என்றால் நிலக்கரி இறங்கும் துறைமுகமும், சாம்பல் போகும் குழாயும், சாம்பல் குட்டையும் சேர்ந்ததுதான்.

புகையிலிருந்து வாயுவை உறிஞ்சுவது அமீன் என்ற வேதிப்பொருளின் கரைசல்; அதைச் சூடாக்கினால்தான் அது வாயுவை விடும். அதற்கான நீராவியை டர்பைனுக்குப் போவதிலிருந்துதான் எடுக்க வேண்டும். பிரித்த வாயுவை அழுத்தவும் மின்சாரம் தேவை. ஆக, ஊருக்கு அதே மின்சாரம் கிடைக்க 24 முதல் 40 சதவீதம் வரை கூடுதல் எரிபொருள் வேண்டும் என்று ஐ.நா.வின் காலநிலை மாற்றக் குழுவான ஐபிசிசி 2005-லேயே சொன்னது. இப்போது கரைசல்கள் மேம்பட்டுவிட்டன என்பார்கள். சரி, குறைந்த எண்ணையே எடுத்துக்கொள்வோம். 100 டன் எரிந்த இடத்தில் 124 டன். நம் நாட்டு நிலக்கரியில் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கு சாம்பல். அப்படியானால் கூடுதல் 24 டன்னுக்கு 8 டன் சாம்பல். அதை எங்கே கொட்டுவதாக உத்தேசம்? சாம்பல் குட்டையை ஒட்டியே குடியிருக்கும் செப்பாக்கம் மக்களைக் கேட்டுப் பார்க்கட்டும். குழாய் உடைந்து கொசஸ்தலை ஆற்றில் சாம்பல் கலந்தபோது இறால் பிடிக்க இறங்கியவர்களின் காலில் ஒட்டியது சேறா சாம்பலா என்று பிரித்துச் சொல்ல முடியவில்லை.

இதோடு, கெட்டுப்போன கரைசல் அபாயகரக் கழிவு. காற்றில் அமோனியா கூடும். அமீன் சிதைந்து நைட்ரோசமைன்களும் உருவாகலாம். குளிர்விக்கத் தண்ணீரும் அதிகம் வேண்டும்.

இன்னொரு வேடிக்கை. புகையில் கந்தக டை ஆக்சைடு இருந்தால் அமீன் சீக்கிரம் கெடும். முதலில் அதை நீக்க வேண்டும். ஆனால் அதை நீக்கும் கருவியைப் பொருத்துவதிலிருந்து நாட்டின் பெரும்பாலான அனல்மின் நிலையங்களுக்கு 2025 ஜூலையில் மத்திய அரசே விலக்கு அளித்துவிட்டது. வாசலையே கட்டாமல் மாடிக்குத் திட்டம் போடுகிறார்கள்.

அமெரிக்காவின் டெக்சாஸில் 2017-இல் இயங்கத் தொடங்கிய பெட்ரா நோவா திட்டத்தையும் கட்டுரை சாதனையாகச் சொல்கிறது. பிடிக்கும் கருவிக்காகவே அங்கே தனியாக ஓர் எரிவாயு மின் நிலையம் கட்டினார்கள். அதன் புகையைப் பிடிக்கவில்லை. பிடித்த வாயுவோ பழைய எண்ணெய் வயலுக்குள் போய், கூடுதல் கச்சா எண்ணெயை மேலே கொண்டுவந்தது. 2020-இல் எண்ணெய் விலை சரிந்ததும் ஆலையை நிறுத்திவிட்டார்கள். 2023-இல்தான் மீண்டும் ஓடியது. காற்றைக் காப்பாற்றும் வேலை எண்ணெய்ச் சந்தையைப் பார்த்து நடந்திருக்கிறது!

கார்பன் பிடிப்புக்குச் சலுகைகள் வேண்டும் என்று நிதி ஆயோக் 2022-இல் பரிந்துரைத்தது. பொதுப்பணம் ஒரு ரூபாய் போவதற்கு முன், சுரங்கம் முதல் சாம்பல் குட்டை வரை ஒரு யூனிட் மின்சாரத்துக்கு எவ்வளவு நிலக்கரி, தண்ணீர், சாம்பல், கரைசல் கழிவு என்ற கணக்கைத் தமிழில் அச்சிட்டு, அந்தந்த ஊர் மக்கள் கருத்துக்கேட்புக் கூட்டத்தில் வைக்க வேண்டும். புகைபோக்கிக் கணக்கை மட்டும் காட்டி அனுமதி தரக் கூடாது.

– ஒரு வாசகர், எண்ணூர்