நண்பன், பகைவன் என்னும் பட்டியலில் வண்டுகள் அடங்கா

பூச்சியியல் வகுப்பறைகளில் ஒரு பழைய வழக்கம் இன்னும் ஓயவில்லை. கரும்பலகையின் நடுவே ஒரு கோடு. ஒருபுறம் ‘நன்மை செய்வன’, மறுபுறம் ‘தீமை செய்வன’. சாணவண்டு முதற்பக்கம், காண்டாமிருக வண்டு மறுபக்கம். தேர்வில் மதிப்பெண் பெற இது போதும். உயிரினத்தை அறியப் போதாது.

காத்தார்சியஸ் மொலோசஸ் என்னும் சாணவண்டும் ஒரிக்டிஸ் ரைனோசெராஸ் என்னும் காண்டாமிருக வண்டும் ஸ்கேராபெய்டே என்னும் ஒரே குடும்பத்தவை. இரண்டும் கருநிறத்தன, இரவில் நடமாடுவன, இரண்டின் ஆணுக்கும் தலையில் கொம்பு உண்டு. 1758இல் லின்னேயஸ் இவ்விரண்டையும் ஸ்கேராபியஸ் என்ற ஒரே பேரினத்தில் வைத்தார், பின்வந்தோரே பிரித்தனர்.

உருவம் காட்டாத வேறுபாட்டை உறைவிடமும் உணவும் காட்டுகின்றன. சாணவண்டு புதுச்சாணத்தை நாடி வந்து, அதன் அடியிலேயே மண்ணைத் துளைத்து, சாணத்தை உள்ளே திரட்டி வைத்து முட்டையிடுகிறது. அதன் புழுவுக்கும் முதிர்வண்டுக்கும் சாணமே உணவு. காண்டாமிருக வண்டின் வாழ்வோ இரண்டாகப் பிரிந்தது. புழு எருக்குழியிலும் உளுத்த தென்னந்தடியிலும் மட்கியதைத் தின்று வளர்கிறது; உயிருள்ள தென்னையைத் தாக்குவதில்லை. முதிர்வண்டே குருத்தைக் குடைந்து சாற்றை உண்கிறது. விரிந்த ஓலையில் கத்தரித்தாற்போல் தெரியும் முக்கோண வெட்டு அதன் சுவடு. ஆகவே ‘தீமை’ என்பது இனத்தின் இயல்பன்று. ஒரு பருவம், ஒரு பயிரில் செய்யும் செயல்.

‘உழவருக்கு இந்த நுணுக்கம் எதற்கு?’ என்பார் உளர். நுணுக்கம் இன்மையின் விலையைக் கொடுப்பவர் உழவரே. எருக்குழியைக் கிளறிப் புழுவைப் பொறுக்குவதும், அங்கே மெட்டாரைசியம் பூஞ்சையை இடுவதும் பயன் தருவது, புழு வாழும் இடம் அறியப்பட்டதனால் அன்றோ? குருத்தை மட்டும் நோக்குபவர் அடுத்த தலைமுறை வண்டுகள் எருவில் வளர்வதைக் காண்பதில்லை.

‘நண்பன்’ என்ற பட்டமும் சாணவண்டைக் காக்கவில்லை. கால்நடைகளின் ஒட்டுண்ணி நீக்கத்திற்குத் தரப்படும் ஐவர்மெக்டின் சாணத்தோடு வெளியேறி, அதை உண்ணும் வண்டுப் புழுக்களைக் கொல்கிறது. அவை அழிந்தால் சாணம் மண்ணுக்குள் செல்லாது மேலேயே காய்ந்து கிடக்கும். மருந்து எழுதுபவர், சாணத்தை ஓர் உயிரின் உறைவிடமாக என்றேனும் படித்திருக்க வேண்டாமா?

ஒப்பீடு என்பது தீர்ப்பு வழங்கும் தொழில் அன்று. ‘இவ்வண்டு நல்லதா, கெட்டதா?’ என்ற வினாவை வினாத்தாளிலிருந்து நீக்கி, ‘எப்பருவத்தில், எங்கு வாழ்ந்து, எதை உண்கிறது?’ என்று கேட்பதே பூச்சியியல் ஆசிரியர் செய்யத்தக்க முதற்பணி.