முடி கொட்டினால் பழி பிள்ளைக்கா?



சென்ற ஆண்டு என் வகுப்பு மாணவி ஒருத்தியின் தலையில் ஐம்பது காசு அளவுக்கு வட்டமாக முடி உதிர்ந்துவிட்டது. வகுப்பில் "போத்தாக்" என்று கேலி செய்தனர். அவள் தொப்பியைக் கழற்றவே மறுத்தாள். ஆசிரியர் அறையிலோ, "அளவுக்கு மீறிக் கவலைப்படுகிறாள், அதனால்தான்" என்றோம். அப்படிச் சொன்னவர்களுள் நானும் ஒருவன். மருத்துவர் அதைப் புழுவெட்டு என்றார். பெயரில்தான் புழு உள்ளது. உடலின் நோயெதிர்ப்பாற்றல் தன் மயிர்க்கால்களையே தாக்குவதால் வருவது அது, தொற்றாது. அறியாமல் பிள்ளைமீது பழி சுமத்தினோமே என்று வெட்கினேன்.

மன உளைச்சலால் முடி உதிர்வதும் உண்மைதான். கடும் உளைச்சலின்போது மயிர்க்கால்கள் பல ஒருசேர ஓய்வுநிலைக்குச் சென்றுவிடும். இரண்டு, மூன்று மாதங்கள் கழித்தே முடி கொத்தாக உதிரும். உளைச்சலில் சுரக்கும் இயக்குநீர், மயிர்க்காலின் குருத்தணுக்களை உறங்க வைப்பதை ஹார்வர்ட் ஆய்வாளர்கள் 2021இல் எலிகளிடம் கண்டறிந்தனர். உளைச்சல் நீங்கினால் பெரும்பாலும் சில மாதங்களில் முடி தானே வளரும். இடையில் தடவிய தைலமோ அந்தப் புகழைத் தட்டிச் செல்கிறது!

பிரிக்பீல்ட்ஸ் துன் சம்பந்தன் சாலையிலும் கிள்ளான் தெங்கு கிளானா சாலையிலும் தைலம் தேடும் தாய்மார்களே, உங்கள் பிள்ளை எத்தனை மணிக்கு உறங்குகிறது? பள்ளி முடிந்ததும் கூடுதல் வகுப்பு, மாலையில் டியூசன், இரவில் பயிற்சி நூல்! யூ.பி.எஸ்.ஆர். தேர்வை 2021இல் அரசு அகற்றிவிட்டது. அந்தத் தேர்வின் அச்சத்தை நாம்தான் இன்னும் வீட்டில் வைத்துக் காத்து வருகிறோம். பள்ளியில் அதை வளர்ப்பவர்கள் ஆசிரியர்களாகிய நாம்.

எல்லாவற்றையும் உளைச்சலின் தலையில் கட்டுவதும் தவறு. டிங்கிக் காய்ச்சல், இரும்புச்சத்துக் குறைவு, தைராய்டுக் கோளாறு, இறுக்கிப் பின்னிய சடை ஆகியவற்றாலும் முடி உதிரும். தலையில் படரும் படர்தாமரை பிறருக்கும் தொற்றும். அதற்கு மருந்து வேண்டும். ஆகவே, தைலப் புட்டிக்கு வெள்ளியைக் கொட்டுமுன் பிள்ளையைக் கிளினிக்கிற்கு அழைத்துச் செல்லுங்கள்.

"கவலைப்படாதே" என்று பிள்ளையிடம் சொல்வது எளிது. அந்தக் கவலையைக் கொடுப்பவர்கள் நாமாக இருக்கையில் அச்சொல்லால் என்ன பயன்? ஒரு டியூசனையாவது குறையுங்கள். பிள்ளையை நன்றாக உறங்க விடுங்கள். கேலி செய்யும் வாயை வகுப்பிலேயே அடக்குவோம், ஆசிரியர்களே.

சிந்திப்போம், செயல்படுவோம்!