குறைமாதக் குழந்தைக்கு இயந்திரம் மட்டும் போதாது

உலகில் பத்தில் ஒரு குழந்தை, 37 வாரம் நிறைவதற்கு முன்பே பிறக்கிறது. இன்குபேட்டரும் சுவாசக் கருவியும் அதன் உயிரைக் காக்கின்றன. ஆனால், கருவறையில் வளர வேண்டிய மூளை, விளக்கொளிக்கும் எச்சரிக்கை மணிக்கும் ஊசிக்கும் நடுவே வளர்கிறது.

தாதியருக்குத் தனிப்பயிற்சி தேவைப்படுவது இதற்காகத்தான். விரல்களை விரிப்பது, முகம் சுளிப்பது, தோலின் நிறம் மாறுவது எல்லாம் குழந்தை களைத்துவிட்டதைக் காட்டக்கூடிய அறிகுறிகள். அவற்றைக் கவனித்துச் சற்று நிறுத்தவும், உறக்கம் கலையாமல் வேலைகளைச் சேர்த்துச் செய்யவும் கற்க வேண்டும்.

தாயின் வெற்று மார்போடு அணைத்து வைக்கும் 'கங்காரு பராமரிப்பை' பிறந்தவுடன் தொடங்கி, நாளுக்கு 8 முதல் 24 மணி நேரம் தொடருமாறு உலகச் சுகாதார நிறுவனம் 2022இல் பரிந்துரைத்தது. இந்தியா உட்பட ஐந்து நாடுகளில் நடந்து, 2021இல் வெளியான ஆய்வில், உடனே தொடங்கியதால் இறப்பு 25 விழுக்காடு குறைந்தது. குழாய் பொருத்திய குழந்தையைத் தாயிடம் பத்திரமாகச் சேர்க்கப் பழகிய கைகள் வேண்டும்.

மலேசியத் தனியார் துறையில் மகப்பேறு விடுப்பு 98 நாள். 28 வாரத்தில் பிறந்த குழந்தை வீடு திரும்பவே ஏறக்குறைய 84 நாள் ஆகலாம். அந்த நாள்களில் தாய் கண்ணாடிக்கு வெளியே நிற்கும் பார்வையாளரா, பராமரிப்பவரா என்பதைத் தாதியர் பெறும் பயிற்சியே தீர்மானிக்கிறது.