என்ன படிக்கலாம்? பூச்சியியல் உங்களுக்குச் சரிப்படுமா?

காஞ்சிபுரத்தை ஒட்டி, வேகவதி ஆற்றங்கரையில் இருக்கிறது திருப்பருத்திக்குன்றம். ஜினகாஞ்சி என்று பெயர் பெற்ற சமணத் தலம் இது. திகம்பர முனிவர்கள் கையில் எப்போதும் மயிற்பீலி இருக்கும். உட்காரும் இடத்தில் எறும்பு இருந்தால்கூட நசுங்கிவிடாமல் மெல்ல விலக்கத்தான்.

அதே காஞ்சியின் தெருக்களில் பட்டுத் தறிகள் ஓடுகின்றன. அந்த நூலுக்காக, கூட்டுக்குள் இருக்கும் பட்டுப்புழு அந்துப்பூச்சியாக வெளிவரும் முன்பே வெப்பத்தில் கொல்லப்படுகிறது. அது கூட்டைத் துளைத்துக்கொண்டு வந்தால், ஒரு கிலோமீட்டர்கூட நீளக்கூடிய ஒற்றை இழை துண்டு துண்டாகிவிடும்.

பூச்சியைக் காப்பதா, பயன்படுத்துவதா, கொல்வதா? பூச்சியியல் படிக்க நினைப்பவர் முதலில் சந்திக்கும் கேள்வியும் இதுதான்.

பிளஸ் டூ முடித்த பிள்ளை, "நான் பூச்சியியல் படிக்கப்போறேன்" என்று சொன்னால், பல வீடுகளில் முதலில் சிரிப்பு வரும். "கரப்பான் பூச்சியைப் பார்த்தாலே கத்துவியே" என்பார் அம்மா. "அதைப் படிச்சா யார் வேலை தருவா?" என்பார் அப்பா. இரண்டுமே நியாயமான கேள்விகள்தான்.

பட்டுக்கு வந்த ஆபத்து

2008-ல் கோவைப் பகுதியில் பப்பாளி மாவுப்பூச்சி கண்டறியப்பட்டது. மெக்சிகோவும் மத்திய அமெரிக்காவும் அதன் தாயகம். பப்பாளியோடு நிற்காமல் மரவள்ளி, பருத்தி, மல்பெரி என்று பரவியது. மல்பெரி இலைதான் பட்டுப்புழுவின் சாப்பாடு. மாவுப்பூச்சியின் உடல்மேல் மெழுகுபோன்ற பூச்சு இருப்பதால் மருந்து எளிதில் இறங்காது. இலையில் மருந்து தங்கினாலோ, அதைத் தின்னும் பட்டுப்புழுவே செத்துப்போகும்.

வழி கண்டுபிடித்தவர்கள் பூச்சியியலாளர்கள். இது எந்த இனம், எந்த நாட்டிலிருந்து வந்தது, அங்கே இதற்கு எதிரி யார் என்று தேடினார்கள். 2010-ல், பெங்களூரில் இன்று தேசிய வேளாண் பூச்சி வளங்கள் பணியகம் என்று அழைக்கப்படும் நிறுவனம், பியூர்ட்டோ ரிகோவிலிருந்து மூன்று வகைக் குட்டிக் குளவிகளை வரவழைத்தது. அதில் பெயர் பெற்றது அசிரோபேகஸ் பப்பாயே. மாவுப்பூச்சியின் உடலுக்குள் இந்தக் குளவி முட்டையிடும். பொரிக்கும் புழு, மாவுப்பூச்சியை உள்ளிருந்தே தின்று தீர்க்கும். தனிமைப்படுத்திச் சோதித்து, பெருக்கி, தோட்டங்களில் விட்டார்கள். மாவுப்பூச்சியின் ஆட்டம் அடங்கியது.

2020-ல் கேரளத்தில் மரவள்ளி மாவுப்பூச்சி தென்பட்டு, தமிழகத்துக்கும் பரவியபோது மீண்டும் அதே வழி. ஆப்பிரிக்காவின் பெனின் நாட்டிலிருந்து வந்த குளவி, 2022-ல் சேலம் மாவட்டம் ஏத்தாப்பூரில் வயலில் விடப்பட்டது. கண்ணுக்குச் சரியாகத் தெரியாத ஓர் உயிரின் பெயரைத் தவறாகச் சொல்லியிருந்தால், இந்த உழைப்பு முழுவதும் வீணாகியிருக்கும்.

எந்தப் படிப்பு, எங்கே?

வேளாண் பூச்சியியலுக்கு, நான்கு ஆண்டு பி.எஸ்சி. வேளாண்மை முடித்து, முதுநிலையில் பூச்சியியலை எடுப்பது வழக்கமான பாதை. கோவை தமிழ்நாடு வேளாண் பல்கலைக்கழகத்தின் இளநிலைச் சேர்க்கைக்கு நீட் தேவையில்லை. பிளஸ் டூ மதிப்பெண்தான் கணக்கு. 2018-ல் திறக்கப்பட்ட பூச்சி அருங்காட்சியகமும் அங்கேயே இருக்கிறது. முடிவெடுக்கும் முன் குடும்பத்தோடு ஒருமுறை போய்ப் பார்க்கலாம். பட்டுப்புழுவில்தான் ஆர்வம் என்றால், மேட்டுப்பாளையம் வனக் கல்லூரியில் பட்டு வளர்ப்புக்கென்றே பட்டப்படிப்பு உண்டு.

பி.எஸ்சி. விலங்கியல் படிப்பவர்களுக்கு வேறு கதவு இருக்கிறது. புதுச்சேரியில் உள்ள நோய்க்கடத்தி கட்டுப்பாட்டு ஆராய்ச்சி மையம், பொதுச் சுகாதாரப் பூச்சியியலில் எம்.எஸ்சி. நடத்துகிறது. கொசு, மணல் ஈ, டெங்கு, மலேரியா, யானைக்கால் நோய் என்று மனித உயிரோடு நேரடியாகத் தொடர்புள்ள துறை இது.

ஒன்றை மறைக்கக் கூடாது. இளநிலைப் பட்டத்தோடு 'பூச்சியியலாளர்' என்ற பதவி கிடைப்பது அரிது. ஆராய்ச்சி வேலைக்கு முதுநிலையும், பெரும்பாலும் பிஎச்.டி.யும் வேண்டும். பிளஸ் டூவிலிருந்து எண்ணினால் ஒன்பது, பத்து ஆண்டுகள். வீட்டில் சீக்கிரம் சம்பளம் தேவைப்பட்டால், இதைப் பெற்றோரோடு முதலிலேயே உட்கார்ந்து பேசிவிடுவது நல்லது. வேளாண் பட்டம் கையில் இருந்தால் வேளாண் துறைப் பணி, வங்கி, விதை நிறுவனம் என்று மாற்று வழிகள் திறந்தே இருக்கும்.

கொல்ல மனம் வராவிட்டால்?

மாணவர்கள் பூச்சிகளைப் பிடித்து, கொன்று, ஊசியில் குத்தி, இடமும் தேதியும் எழுதிப் பெட்டியில் அடுக்க வேண்டியிருக்கும். இனம் கண்டறியும் பயிற்சிக்கு அது தேவை. அது மனதுக்கு ஒப்பவில்லை என்றால், அது குறையல்ல. தேனீ வளர்ப்பு, மகரந்தச் சேர்க்கை, பட்டாம்பூச்சிக் கணக்கெடுப்பு போன்ற பிரிவுகளில் உயிரோடு கவனிக்கும் வேலை அதிகம். ஆனால் படிப்புக் காலத்தில் சேகரிப்பை முற்றிலும் தவிர்ப்பது கடினம். சேர்ந்த பிறகு திகைப்பதைவிட, இப்போதே யோசிப்பது மேல்.

வீட்டிலேயே ஒரு பரீட்சை

கறிவேப்பிலை அல்லது எலுமிச்சைச் செடியில் பறவை எச்சம் போலத் தெரியும் குட்டிப் புழுவைத் தேடுங்கள். காற்றோட்டமான டப்பாவில் வைத்து, தினமும் புது இலை போட்டு, கழிவை அள்ளி, நீளத்தை அளந்து நோட்டில் எழுதுங்கள். முட்டையிலிருந்து பட்டாம்பூச்சியாக ஏறக்குறைய ஒரு மாதம் ஆகும். பத்தாவது நாள் சலித்துவிட்டதா, இல்லை நோட்டில் கேள்விகள் கூடிக்கொண்டே போகின்றனவா? இந்த வேலையின் பெரும்பகுதி இப்படி ஒரே காரியத்தைத் திரும்பத் திரும்பச் செய்வதுதான்.

சில நேரம் கூட்டுப்புழுவிலிருந்து பட்டாம்பூச்சி வராது. சிறு துளை வழியாகக் குட்டிக் குளவிகள் வெளிவரும். மல்பெரியைக் காத்த குளவியைப் போல, உள்ளிருந்தே தின்று வளர்ந்த ஒட்டுண்ணிகள் அவை. பட்டாம்பூச்சி போச்சே என்று வருந்தி டப்பாவைக் கழுவி வைப்பவர்கள் இயற்கையை நேசிப்பவர்கள். அது போதும், வேறு துறை பார்க்கலாம். வருத்தத்தோடு வருத்தமாக, "இது எப்போ உள்ளே போச்சு?" என்று லென்ஸைத் தேடுபவர்கள், விண்ணப்பப் படிவத்தைத் தைரியமாக நிரப்பலாம்.