மூன்று பேரும் ஒரு டைம்பீஸும்

போன இதழில் கூழ் வடகம் பற்றி எழுதியிருந்தேன் அல்லவா? அதைப் படித்துவிட்டுத் தேனிப் பக்கத்திலிருந்து ஒரு சகோதரி கடிதம் போட்டிருக்கிறார். வடகத்தைப் பற்றி இரண்டே வரி. மீதி மூன்று பக்கமும் மகளைப் பற்றித்தான். "பி.எச்.டி. சேர்ந்து நாலு வருஷம் ஆகிறது. இப்போது கைக்குழந்தையோடு எங்கள் வீட்டில் இருந்து தீஸிஸ் எழுதுகிறாள். எப்போது பார்த்தாலும் லேப்டாப்பைத் திறந்து வைத்துக்கொண்டு சுவரைப் பார்த்து உட்கார்ந்திருக்கிறாள். கண்டிப்பதா, விட்டுவிடுவதா?" என்று கேட்டிருக்கிறார்.

நான் பிளஸ் டூவோடு நின்றவள். இதற்குப் பதில் சொல்ல எனக்கு என்ன தகுதி என்று நீங்கள் கேட்கலாம். ஆனால் இந்தச் சுவரைப் பார்க்கிற வியாதியை நான் பக்கத்தில் இருந்து பார்த்திருக்கிறேன். அதை இன்னும் கொஞ்சம் முற்ற வைத்த பாவமும் என்னைச் சேர்ந்ததுதான்.

என் ஓரகத்தி, அதாவது கொழுந்தன் மனைவி, தாவரவியல் படித்தவள். நிலக்கடலைச் செடியின் இலையில் கறுப்பாக வட்ட வட்டமாகப் புள்ளி விழுமே, அந்த நோய்தான் அவளுடைய ஆராய்ச்சி. 2019-ல் சேர்ந்தாள். மறு வருஷமே கொரோனா வந்து காட்டுக்கும் போக முடியாமல் லேபுக்கும் போக முடியாமல் போயிற்று. 2021-ல் பையன் பிறந்தான். எப்படியோ தட்டுத் தடுமாறி லேப் வேலையை முடித்துவிட்டாள். இனி எழுத வேண்டியதுதான் பாக்கி என்று 2024 ஜனவரியிலிருந்து வீட்டில் உட்கார்ந்தாள். அங்கேதான் வினை ஆரம்பித்தது.

லேபில் இருந்தவரை காலை ஒன்பதிலிருந்து மாலை ஆறு வரை நாலு பேர் கூட இருந்தார்களாம். ஒருத்தி கண்ணாடித் தட்டு கழுவ, ஒருத்தி மைக்ராஸ்கோப் பார்க்க, பேச்சும் சிரிப்புமாக வேலை ஓடிவிடும். எழுதுகிற வேலை அப்படி இல்லை. தனியாக உட்கார வேண்டும். அதுவும் வீட்டில் உட்கார்ந்தால், பார்க்கிறவர்களுக்கு அவள் சும்மா இருக்கிற மாதிரியே தெரியும். எனக்கும் அப்படித்தான் தெரிந்தது.

ஒரு நாள் பதினோரு மணி இருக்கும். சாம்பாருக்குச் சின்ன வெங்காயம் உரிக்கவேண்டும். அவள் ஜன்னலைப் பார்த்தபடி உட்கார்ந்திருந்தாள். "சும்மாத்தானே இருக்கே, இதை உரிச்சுக் குடு" என்று கூடையை அவள் முன்னால் வைத்துவிட்டு வந்தேன். ஒரு வார்த்தை பேசாமல் உரித்துக் கொடுத்தாள். கண்ணில் தண்ணீர் வந்தது. வெங்காயம்தானே என்று நினைத்துக்கொண்டேன். அன்றைக்கு ராத்திரி அவள் புருஷனிடம், "எனக்கு இது வேண்டாங்க, விட்டுடறேன்" என்று சொல்லிக்கொண்டிருந்தது என் காதில் விழுந்தது. கொழுந்தனும், "அப்பவே சொன்னேன்ல" என்கிறார். ஐந்து வருஷப் படிப்பு ஒரு கூடை வெங்காயத்தில் போகிறதே என்று எனக்கு அன்று தூக்கமே வரவில்லை.

மறுநாள் காலையில் மாவாட்டும்போது மெதுவாகக் கேட்டேன். "உனக்கு என்னதான்டி வேணும்? தனி ரூமா? புதுக் கம்ப்யூட்டரா?"

"அதெல்லாம் இல்லக்கா. யாராவது கூட உக்காந்தாப் போதும். நான் எழுதறேனான்னு பார்க்க வேணாம். சும்மா கூட இருந்தாப் போதும்."

எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. முறுக்கு சுற்றும்போது தெருப் பெண்களைக் கூப்பிட்டுக்கொள்கிறோமே, அந்தக் கதைதான்! தனியாகச் சுற்றினால் நாலு ஈட்டில் முதுகு போய்விடும். பேச ஆள் இருந்தால் ஒரு டின் நிரம்பிவிடும்.

அவள் மாதிரியே எழுத முடியாமல் தவித்த இருவர் இருந்தார்கள். ஒருத்தி தமிழ், ஒப்பாரிப் பாட்டுகளைச் சேகரித்தவள், ஊர் திண்டுக்கல், ஹாஸ்டல்வாசி. இன்னொருத்தி கணக்கு, எங்கள் தெருவுக்கு இரண்டு தெரு தள்ளி, அவளுக்கும் பள்ளிக்கூடம் போகிற பெண் குழந்தை இருக்கிறது. இரண்டு பேரையும் வரச் சொன்னேன். பையன் ஒன்பதரைக்குப் ப்ளே ஸ்கூல் போனால் பன்னிரண்டரைக்குத்தான் வருவான். பத்து மணிக்கு எங்கள் சாப்பாட்டு மேஜையைத் துடைத்துக் கொடுத்துவிடுவது என்று ஏற்பாடாயிற்று.

முதல் வாரம் வம்பளப்பிலேயே போயிற்று. மறைப்பானேன்! அரை லிட்டர் பால் கூடுதலாக ஆனதில் எனக்கு எரிச்சலும் வந்தது. (பெண்கள் என் முகத்தைப் பார்த்தே புரிந்துகொண்டார்கள் போலிருக்கிறது. அடுத்த வாரத்திலிருந்து முறை வைத்துப் பால் பாக்கெட் வாங்கி வந்துவிட்டார்கள்.)

கணக்குக்காரிதான் ஒழுங்கு கொண்டுவந்தாள். பிரான்செஸ்கோ சிரில்லோ என்று இத்தாலியில் ஒரு மாணவர். 1980-களின் கடைசியில் பாடத்தில் மனம் செல்லாமல் தவித்தபோது, சமையலறையில் வைக்கிற தக்காளி வடிவ மணியைத் திருகி வைத்துக்கொண்டு, அது அடிக்கிறவரை மட்டும் படிப்பது என்று ஆரம்பித்தாராம். இருபத்தைந்து நிமிஷம் வேலை, ஐந்து நிமிஷம் ஓய்வு; இப்படி நாலு தடவை ஆனதும் கொஞ்சம் நீண்ட ஓய்வு. இத்தாலி மொழியில் தக்காளிக்கு 'பொமோடோரோ' என்று பெயர். அந்த முறைக்கும் அதுவே பெயராகிவிட்டது. எங்கள் வீட்டில் தக்காளி மணிக்கு எங்கே போக? அத்தை வைத்திருந்த பழைய டைம்பீஸைத் துடைத்துச் சாவி கொடுத்தேன். அது மூன்று நிமிஷம் முன்னே பின்னே அடிக்கும். அதனால் ஒன்றும் குடி முழுகிவிடவில்லை.

மணி ஓடும்போது செல்போன் மூன்றும் என் அடுக்களை ஷெல்ஃபில் இருக்கும். பேச்சு கிடையாது. நானும் கூப்பிட மாட்டேன். மேஜையின் இன்னொரு ஓரத்தில் உட்கார்ந்து கீரை ஆய்வேன். மணி அடித்ததும் மூவரும் எழுந்து தண்ணீர் குடித்து, கொல்லைப்புறம் நாலு நடை நடந்து, கழுத்தையும் தோளையும் சுழற்றிவிட்டு வருவார்கள். ஓரகத்திக்கு ஓயாமல் இருந்த கழுத்துவலி இதிலேயே பாதி குறைந்தது.

தினத்தாள் காலண்டரில் முதல் நாள் கிழித்த தாளின் பின்பக்கம்தான் கணக்குப் புத்தகம். உட்கார்ந்ததும் ஆளுக்கு ஒரு வரி எழுத வேண்டும், இன்றைக்கு என்ன செய்யப் போகிறேன் என்று. முதல் நாள் என் ஓரகத்தி 'மூன்றாம் அத்தியாயம்' என்று எழுதினாள். கணக்குக்காரி அதை அடித்துவிட்டாள். "அத்தியாயத்தை யாரும் ஒரு நாள்ல எழுத முடியாது. சாயங்காலம் தோத்துட்டோம்னு அழத்தான் இது உதவும். இரண்டாவது அட்டவணைக்குக் கீழே ஒரு பத்தின்னு எழுது." அன்று அந்தப் பத்தி முடிந்தது. என் ஓரகத்தி முகத்தில் எத்தனையோ நாள் கழித்து ஒரு தெளிவைப் பார்த்தேன்.

இன்னொரு பழக்கமும் எனக்குப் பிடித்தது. பன்னிரண்டரைக்கு மூடி வைக்கும்போது, நாளைக்கு எங்கே ஆரம்பிக்க வேண்டும் என்று ஒரு வரியைக் குறித்துவிட்டுத்தான் எழுந்திருப்பார்கள். காலையில் வந்து 'எதைச் செய்வது' என்று விழிக்க வேண்டியதில்லை பாருங்கள். நாளை இட்லிக்கு இன்றே அரிசி உளுந்து ஊறப்போடுகிற மாதிரி. பையனுக்குக் காய்ச்சல், வீட்டில் விருந்தாளி என்று வருகிற நாட்களில் பதினைந்து நிமிஷம் மட்டும். ஜோன் போல்கர் என்று ஒரு அமெரிக்க அம்மாள் தினம் பதினைந்து நிமிஷத்தில் ஆய்வேடு எழுதுவது பற்றி 1998-ல் ஒரு புத்தகமே போட்டிருக்கிறாராம். பதினைந்து நிமிஷத்தில் என்ன பெரிதாக எழுதிவிட முடியும் என்று எனக்குச் சந்தேகம்தான். ஆனால் தொடர்பு அறுந்து போகாமல் இருந்தது என்னவோ உண்மை.

மூவரின் படிப்பும் வேறு வேறு. ஒருத்தி எழுதுவது இன்னொருத்திக்குப் புரியாது. அதுவே நல்லதாகப் போயிற்று. கடலைச் செடி அத்தியாயத்தைத் திண்டுக்கல்காரி படித்துவிட்டு, "எந்த மாசம் இலை பறிச்சேன்னே சொல்லலியே" என்றாள். இரண்டு வருஷமாகத் தலைக்குள்ளேயே இருந்த விஷயம் தாளில் இறங்கவில்லை என்பது அப்போதுதான் தெரிந்தது.

விதிமுறை விஷயமும் இப்படிப் பேச்சில்தான் தெளிந்தது. ஆறு வருஷம் 2025-ல் முடிகிறது, அதோடு எல்லாம் போச்சு என்று என் ஓரகத்தி பயந்துகொண்டிருந்தாள். பல்கலைக்கழக மானியக் குழுவின் 2016 விதிகளிலும் சரி, 2022-ல் வந்த விதிகளிலும் சரி, பெண்களுக்கு மேற்கொண்டு 2 வருஷம் சலுகை உண்டு. பேறுகால, குழந்தை வளர்ப்பு விடுப்பாக 240 நாள் வரை எடுக்கலாம். கேட்டால் தப்பாக நினைப்பார்களோ என்று அவள் அலுவலகத்தில் கேட்கவே இல்லை! தேனிச் சகோதரி தன் மகளிடம் இதைச் சொல்லி, அவளுடைய பல்கலைக்கழகத்தில் எழுத்து மூலமாக விசாரிக்கச் சொல்ல வேண்டும்.

அந்த அக்டோபரில் திண்டுக்கல்காரி நாலு நாள் வரவில்லை. போன் எடுக்கவில்லை. அவளுடைய கைடு ஓர் அத்தியாயம் முழுவதையும் சிவப்பு மையால் அடித்துத் திருப்பிக் கொடுத்திருந்தார் என்பது எங்களுக்குத் தெரியாது. ரசம் சாதம் கட்டிக்கொண்டு ஹாஸ்டலுக்குப் போனோம். பெண் பாதியாகியிருந்தாள். தலை வாரவில்லை, இரண்டு நாளாகச் சாப்பாடு இல்லை, தூக்கமும் இல்லை. "நான் இருந்து என்னக்கா ஆகப்போகுது" என்றாள்.

எனக்கு வயிற்றைக் கலக்கியது. 'மனசைத் தளர விடாதே' என்று புத்தி சொல்ல வாயெடுத்தேன். கணக்குக்காரி கண்ணால் தடுத்துவிட்டாள். அவள்தான் பக்கத்தில் உட்கார்ந்து, நேராகவே கேட்டாள்: "உயிரை விட்டுடலாம்னு தோணுதா?" இப்படிக் கேட்கலாமா என்று நான் பதறினேன். ஆனால் கேட்ட பிறகுதான் அந்தப் பெண் வாய்விட்டு அழுதாள். அன்று ராத்திரி எங்கள் வீட்டில் படுக்க வைத்துக்கொண்டோம். திண்டுக்கல்லுக்குப் போன் போட்டு அவள் அம்மாவை வரவழைத்தோம். மறுநாள் மனநல டாக்டரிடம் கூட்டிப் போனோம். மாத்திரையும் கொடுத்தார், வாரா வாரம் வந்து பேசவும் சொன்னார். அவள் மறுபடி மேஜைக்கு வர ஆறு வாரம் ஆயிற்று. காய்ச்சலுக்கு மருந்து சாப்பிடுவது போலத்தான் இதுவும் என்று அந்த டாக்டர் சொன்னதை அவள் அம்மா இன்றும் சொல்லிக்கொண்டிருக்கிறார். மத்திய அரசு 2022-ல் ஆரம்பித்த டெலி மானஸ் என்ற இலவசத் தொலைபேசிச் சேவை இருக்கிறது. எண் 14416. எந்த நேரத்திலும் பேசலாம், தமிழிலும் பேசலாம். காலண்டர் அட்டையில் எழுதி மாட்டியிருக்கிறேன்.

அதற்குப் பிறகு எங்கள் மேஜையில் ஒரு சட்டம் வந்தது. யார் வரவில்லையென்றாலும் அன்று சாயங்காலத்துக்குள் ஒருத்தி நேரில் போய்ப் பார்க்க வேண்டும். இன்னொரு சட்டம் வீட்டில் உள்ள எங்களுக்கு: "எப்ப முடிக்கப் போறே?" என்று யாரும் கேட்கக் கூடாது. அத்தைக்குத்தான் இது கஷ்டமாக இருந்தது. "அப்ப என்னதான்டி கேக்கறது?" என்றார். "இன்னிக்கு எத்தனை மணி அடிச்சுதுன்னு கேளுங்க அத்தை" என்றேன்.

தேனிச் சகோதரிக்கு என் பதில் இதுதான். கண்டிக்கவும் வேண்டாம், விட்டுவிடவும் வேண்டாம். பேரக் குழந்தையை இரண்டரை மணி நேரம் யாராவது பார்த்துக்கொள்ளட்டும். நீங்கள் பூத்தொடுப்பதோ, அரிசி புடைப்பதோ எதுவானாலும் அவள் எதிரே உட்கார்ந்து செய்யுங்கள். வாய் மட்டும் பேசக் கூடாது. அவளோடு படித்தவர்கள் யாராவது பக்கத்தில் இருந்தால் வரச் சொல்லுங்கள். வெங்காயத்தை நீங்களே உரித்துக்கொள்ளுங்கள்.

என் ஓரகத்தி 2025 செப்டம்பரில் தீஸிஸைக் கொடுத்துவிட்டாள். வெளித் தேர்வாளர்களிடம் போயிருக்கிறது, வைவாவுக்குக் காத்திருக்கிறாள். அதற்காகப் பத்து மணிக்கு உட்காருவதை அவள் நிறுத்தவில்லை. திண்டுக்கல்காரிக்கு இன்னும் இரண்டு அத்தியாயம் பாக்கி இருக்கிறதே! டைம்பீஸ்தான் போன வாரம் நின்றுவிட்டது. டவுன்ஹால் ரோடு பக்கம் ஒரு பெரியவர் பழைய கடிகாரம் பார்ப்பதாகச் சொன்னார்கள். சனிக்கிழமை எடுத்துக்கொண்டு போக வேண்டும்.