“இது வாரன்டில வராது சார்!” - இன்ஜின் போனால் காரணம் சொல்வது யார்?

கம்பம் பள்ளத்தாக்கில் கார் வைத்திருப்பவர்கள் மலை ஏறாமல் இருக்க முடியாது. போடிமெட்டு, கம்பம்மெட்டு, குமுளி, மேகமலை என எந்தப் பக்கம் திரும்பினாலும் கொண்டை ஊசி வளைவுதான். ஐந்து பேர், டிக்கி நிறைய லக்கேஜ், ஏசி வேறு. இரண்டாவது கியரில் வண்டி முக்கி முனகி ஏறும். ஒருநாள் மீட்டரில் சிவப்பு விளக்கு எரிகிறது, பானட்டில் புகை வருகிறது, வண்டி நின்றுவிடுகிறது. டோயிங் வண்டியில் ஏற்றி தேனிக்கோ மதுரைக்கோ அனுப்புகிறோம். மூன்று நாள் கழித்து சர்வீஸ் சென்டரிலிருந்து போன்:

“சார், இன்ஜின் சீஸ் ஆயிடுச்சு. கூலன்ட் இல்லாம ஓட்டிருக்கீங்க. இது வாரன்டில வராது.”

வாங்கி இரண்டு வருடம்கூட ஆகாத வண்டி. இஎம்ஐ இன்னும் ஐந்து வருடம் பாக்கி. இன்ஜின் மாற்ற எஸ்டிமேட் லட்சங்களில் வருகிறது. இப்போது என்ன செய்வது?

பெரும்பாலானவர்கள் வாரன்டி புத்தகத்தை எடுத்து வரி வரியாகப் படிப்பார்கள். ஆனால், சண்டை அந்தப் புத்தகத்தில் இல்லை. இன்ஜின் ஏன் செத்தது என்ற காரணத்தை யார் எழுதுகிறார்கள் என்பதில்தான் இருக்கிறது. இன்று அதை எழுதுவது கம்பெனி தரப்பு, பொய் என்று நிரூபிக்க வேண்டியது நாம். இது தலைகீழாக மாற வேண்டும் என்பதே இந்தக் கட்டுரையின் வாதம்.

வாரன்டி எதற்கு?

எந்தக் கம்பெனியின் வாரன்டியை எடுத்தாலும் சாரம் ஒன்றுதான். பொருளிலோ தயாரிப்பிலோ குறை இருந்தால், குறிப்பிட்ட காலம் அல்லது குறிப்பிட்ட கிலோமீட்டர், எது முதலில் வருகிறதோ அதுவரை, அந்தப் பாகத்தை இலவசமாகச் சரிசெய்வோம் அல்லது மாற்றித் தருவோம். தேய்மானம், பராமரிப்பின்மை, விபத்து, வெள்ளம், கலப்பட எரிபொருள் இதெல்லாம் சேராது.

அதாவது, ஒரே இன்ஜின், ஒரே பழுது. காரணம் ‘தயாரிப்புக் குறை’ என்றால் உங்களுக்கு ஒரு பைசா செலவில்லை. ‘பராமரிப்பின்மை’ என்றால் மொத்தமும் உங்கள் தலையில். ஒற்றை வார்த்தையின் விலை சில லட்சம் ரூபாய்!

இன்ஜின் எப்படிச் சாகிறது?

முக்கியமாக நான்கு வழிகள்.

1. ஆயில் பட்டினி: ஆயில் குறைந்தாலோ, பழசாகிக் கெட்டியானாலோ, ஆயில் பம்ப் வேலை செய்யாவிட்டாலோ கிராங்க் ஷாஃப்ட் பேரிங் உரசித் தேயும். கடைசியில் இன்ஜின் சுற்றாமல் இறுகிவிடும். இதைத்தான் ‘சீஸ்’ என்கிறார்கள்.

2. அதிகச் சூடு: கூலன்ட் குறைந்தால் ஹெட் காஸ்கெட் போகும், சிலிண்டர் ஹெட் வளையும். மலை ஏற்றத்தில் இது சீக்கிரம் நடக்கும்.

3. தண்ணீர்: மழைநீர் தேங்கிய ரோட்டில் போகும்போது காற்று போகும் வழியில் தண்ணீர் நுழைந்தால், பிஸ்டன் அதை அழுத்தப் பார்க்கும். காற்றை அழுத்தலாம், தண்ணீரை அழுத்த முடியாது. கனெக்டிங் ராடு வளைந்துவிடும்.

4. பிறவிக் குறை: பேரிங், பிஸ்டன் ரிங், ஆயில் பம்ப் போன்றவற்றில் தயாரிப்பின்போதே வந்த கோளாறு.

இங்கே ஒரு சிக்கலைக் கவனியுங்கள். கூலன்ட் இல்லாமல் ஓடியது உண்மையாகவே இருக்கலாம். ஆனால், கூலன்ட் ஏன் இல்லை? நீங்கள் ஊற்றாததாலா, அல்லது வாட்டர் பம்ப் சீலில் இருந்த கசிவினாலா? முதலாவது உங்கள் தவறு, இரண்டாவது கம்பெனியின் குறை. இரண்டுக்கும் விளைவு ஒன்றுதான்: வளைந்த ஹெட், காலி டேங்க். வித்தியாசம் தெரிய வேண்டுமென்றால் இன்ஜினைப் பிரிக்கும்போது யாராவது ஒழுங்காகத் தேடிப் பார்க்க வேண்டும்.

தேடுவது யார்? க்ளெய்மை ஏற்றால் செலவாகப்போவது யாருக்கோ அவருடைய டீலர். அவரே டாக்டர், அவரே போஸ்ட்மார்ட்டம், அவரே தீர்ப்பு.

கம்பெனி தரப்பிலும் நியாயம் இருக்கிறதா?

இருக்கிறது. சிவப்பு விளக்கு எரிந்தும் “வீடு போய்ச் சேர்ந்துடலாம்” என்று இன்னும் பத்து கிலோமீட்டர் ஓட்டுபவர்கள் உண்டு. ஆயில் மாற்ற வேண்டிய கிலோமீட்டரைத் தாண்டிப் பல ஆயிரம் ஓட்டிவிட்டு, வாரன்டி கேட்பவர்களும் உண்டு. அதற்கெல்லாம் கம்பெனி பணம் கொடுத்தால், அந்தச் செலவு அடுத்த கஸ்டமரின் விலையில்தான் ஏறும்.

ஆனால், எதிர்ப்பக்கக் கதையும் உண்டு. அமெரிக்காவில் ஹூண்டாய், கியா கார்களின் தீட்டா 2 இன்ஜின்களில் கனெக்டிங் ராடு பேரிங் தேய்ந்து, ஓடும்போதே இன்ஜின் நின்றது. 2015இல் சுமார் 4.7 லட்சம் சொனாட்டா கார்களை ஹூண்டாய் திரும்ப அழைத்தபோது சொன்ன காரணம்: தயாரிப்பின்போது கிராங்க் ஷாஃப்டின் ஆயில் பாதையில் உலோகத் துகள் முழுமையாக நீக்கப்படாமல் இருந்திருக்கலாம். 2017இல் மேலும் பல லட்சம் கார்கள் சேர்ந்தன. நிறுவனத்துக்குள் இருந்தே ஒரு பொறியாளர் தகவல் கொடுத்தார். 2020இல் இரு நிறுவனங்களுக்குமாக 21 கோடி டாலர் அளவுக்கு அபராத உடன்பாடு. அந்த இன்ஜின்களுக்கு ஆயுட்கால வாரன்டியும் தர வேண்டியதாயிற்று.

பாடம் எளிது. உலோகத் துகளால் தேய்ந்த பேரிங்கும் ஆயில் மாற்றாததால் தேய்ந்த பேரிங்கும் மேலோட்டமாகப் பார்த்தால் ஒரே மாதிரிதான் தெரியும். தனித்தனி கஸ்டமரால் அதைக் கண்டுபிடிக்க முடியாது. ஆயிரக்கணக்கான இன்ஜின்களின் தகவல் கையில் இருக்கும் கம்பெனியால் முடியும்.

நம் சட்டம் என்ன சொல்கிறது?

2020 ஜூலை 20 முதல் நடைமுறையில் இருக்கும் நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம் 2019 ஒரு பெரிய நல்லதைச் செய்திருக்கிறது. கார் மதுரையில் வாங்கியிருந்தாலும், கம்பெனி தலைமையகம் டெல்லியில் இருந்தாலும், நீங்கள் குடியிருக்கும் அல்லது வேலை பார்க்கும் மாவட்டத்திலேயே வழக்குப் போடலாம். கூடலூர்க்காரர் தேனி மாவட்ட நுகர்வோர் குறைதீர் ஆணையத்துக்குப் போனால் போதும். 50 லட்சம் ரூபாய் வரை கொடுத்து வாங்கிய பொருளுக்கு மாவட்ட ஆணையமே விசாரிக்கும். 10 லட்சத்துக்கு மேல் 20 லட்சம் வரையிலான காருக்கு வழக்குக் கட்டணம் வெறும் 400 ரூபாய். பிரச்சினை எழுந்ததிலிருந்து இரண்டு வருடத்துக்குள் போட வேண்டும்.

சோதனை செய்யாமல் குறையைக் கண்டறிய முடியாது என்றால், தகுந்த ஆய்வகத்துக்கு அனுப்பி அறிக்கை வாங்க 38-வது பிரிவு வழி செய்கிறது. ஆனால், அதற்கான கட்டணத்தை முதலில் கட்டவேண்டியது புகார் கொடுத்தவர்.

உச்ச நீதிமன்றம் என்ன சொல்லியிருக்கிறது? 2006இல் மாருதி உத்யோக் எதிர் சுஷீல் குமார் கப்கோத்ரா வழக்கில், வாரன்டி பாகத்தை மாற்றித் தருவதாகத்தான் சொல்கிறது, அதனால் முழுக் காரையும் மாற்றித் தரச் சொல்ல முடியாது என்றது. 2010இல் சி.என்.அனந்தராம் எதிர் ஃபியட் இந்தியா வழக்கில் இன்ஜினையே மாற்றிய பிறகும் சத்தம் தொடர்வதாகப் புகார். சுயேச்சையான தொழில்நுட்ப நிபுணர் பார்க்கட்டும், பிறவிக் குறை என்று அவர் சொன்னால் 12 சதவீத வட்டியோடு பணத்தைத் திருப்பிக் கொடுங்கள் என்றது நீதிமன்றம். 2023இல் ஃபோர்டு எண்டேவர் கார் வழக்கில், இன்ஜின் மாற்றியும் வண்டி ரோட்டில் ஓடும் நிலைக்கு வரவில்லை என்பதால் மொத்தம் 42 லட்சம் ரூபாய் இழப்பீடு கிடைத்தது.

ஜெயிக்கலாம், ஆனால் எப்போது? உச்ச நீதிமன்றம் வரை போக எத்தனை பேரிடம் தெம்பு இருக்கிறது?

பள்ளத்தாக்குக்கு மட்டும் இரண்டு சிக்கல்கள்

முதலாவது, தூரம். கம்பத்திலிருந்து தேனி சுமார் 40 கிலோமீட்டர். சின்ன வேலைக்கெல்லாம் அத்தனை தூரம் போக முடியாமல், “அண்ணே, கொஞ்சம் பாத்துக் குடுங்க” என்று உள்ளூர் மெக்கானிக்கிடம் விடுவது சகஜம். பிறகு இன்ஜின் போனால், “வெளியில கை வச்சிட்டீங்க, வாரன்டி போச்சு” என்பார்கள். கண்ணை மூடிக்கொண்டு அதை நம்ப வேண்டாம். 2014 ஆகஸ்ட் 25 அன்று இந்தியப் போட்டி ஆணையம் 14 கார் நிறுவனங்களுக்குச் சுமார் 2,545 கோடி ரூபாய் அபராதம் போட்டது. வெளி மெக்கானிக்கிடம் போனாலே வாரன்டி ரத்து என்று ஒட்டுமொத்தமாகச் சொல்லக் கூடாது, வெளியில் செய்த தவறான வேலையால் வந்த சேதத்துக்கு மட்டுமே மறுக்கலாம் என்றும் அந்த உத்தரவு சொன்னது. நிறுவனங்கள் மேல்முறையீட்டுக்குப் போயின. ஆனாலும் அந்த நியாயம் எளிமையானது: பிரேக் பேட் மாற்றியதற்கும் பேரிங் தேய்ந்ததற்கும் என்ன சம்பந்தம்?

இரண்டாவது, பிழைப்பு. விடிவதற்கு முன்பே ஏலத்தோட்டத் தொழிலாளர்களை ஏற்றிக்கொண்டு இடுக்கி மலைக்குப் போகும் ஜீப்புகளை இங்கே எல்லோருக்கும் தெரியும். சபரிமலை சீசனை நம்பி டாக்ஸி வாங்கியவர்களும் உண்டு. “வணிக நோக்கத்துக்கு வாங்கியது, நீங்க நுகர்வோரே இல்லை” என்ற வாதம் இவர்களுக்கு எதிராக வரும். இதற்கான பதில் 1995லேயே வந்துவிட்டது, அதுவும் கோவை பி.எஸ்.ஜி. இன்டஸ்ட்ரியல் இன்ஸ்டிடியூட் சம்பந்தப்பட்ட ஒரு வழக்கில். சுயதொழிலாக, பிழைப்புக்காக வாங்கித் தானே ஓட்டுபவர் நுகர்வோர்தான். உதவிக்கு ஓரிருவரை வைத்திருந்தாலும் அது மாறாது என்றது உச்ச நீதிமன்றம். பல வண்டி வாங்கி டிரைவர் போட்டு ஓட்டுபவரின் கதை வேறு.

என்ன மாற வேண்டும்?

ஒன்று, நிரூபிக்கும் பொறுப்பு. ஒருவருக்கு மட்டுமே விசேஷமாகத் தெரிந்த ஒரு விஷயத்தை அவர்தான் நிரூபிக்க வேண்டும் என்பது நம் சாட்சியச் சட்டத்தின் பழைய கொள்கை. முன்பு 106-வது பிரிவு, 2024 ஜூலை முதல் பாரதிய சாக்ஷ்ய அதினியத்தின் 109-வது பிரிவு. பூட்டிய வொர்க்‌ஷாப்பில் இன்ஜினைப் பிரித்தது அவர்கள், வண்டியின் கம்ப்யூட்டர் தகவலைப் படிக்கும் கருவி இருப்பது அவர்களிடம். எனவே வாரன்டி காலத்துக்குள் இன்ஜின் போனால் தயாரிப்புக் குறை என்றே முதலில் எடுத்துக்கொள்ள வேண்டும். இல்லை என்றால் கம்பெனி நிரூபிக்கட்டும்.

இரண்டு, எழுத்தில் மறுப்பு. எந்தப் பாகம், என்ன சேதம், எதனால் என்று முடிவுக்கு வந்தார்கள், போட்டோ, ஸ்கேனர் ரிப்போர்ட் எல்லாம் சேர்த்து எழுத்தில் கொடுப்பது கட்டாயமாக வேண்டும். போனில் சொல்லும் “வராது சார்” மறுப்பு ஆகாது.

மூன்று, அருகிலேயே நிபுணர். போடிநாயக்கனூரில் அரசு பொறியியல் கல்லூரி இருக்கிறது, அங்கே மெக்கானிக்கல் துறை இருக்கிறது. மாவட்டந்தோறும் இப்படிப்பட்ட கல்லூரிகளை வைத்து ஒரு நிபுணர் குழு அமைத்து, குறைந்த கட்டணத்தில் இன்ஜினைப் பார்க்கச் செய்யலாம். அந்தக் கட்டணம் கடைசியில் தோற்றவர் தலையில் விழட்டும்.

அதுவரை நாம் என்ன செய்யலாம்?

* சிவப்பு விளக்கு வந்தால் உடனே ஓரங்கட்டி இன்ஜினை அணைக்கவும். மீட்டர், கிலோமீட்டர், கூலன்ட் டேங்க், வண்டிக்கு அடியில் கசிவு எல்லாவற்றையும் வீடியோ எடுக்கவும்.
* தண்ணீரில் வண்டி நின்றால் மறுபடி ஸ்டார்ட் செய்யவே கூடாது. அது வாரன்டி விஷயமும் அல்ல, இன்ஷூரன்ஸ் விஷயம். சாதாரண பாலிசியில் இன்ஜின் சேதம் பெரும்பாலும் சேராது. இன்ஜின் பாதுகாப்புக்குத் தனி ஆட்-ஆன் இருக்கிறதா பாருங்கள்.
* ஜாப் கார்டில் உங்கள் புகாரை உங்கள் வார்த்தையிலேயே எழுதச் சொல்லி, நகல் வாங்கவும்.
* “நான் நேரில் இல்லாமல் இன்ஜினைப் பிரிக்க வேண்டாம், பழைய பாகங்களைத் தூக்கிப் போட வேண்டாம்” என்று இமெயில் அனுப்பவும். வாட்ஸ்அப்பிலும் அனுப்பலாம்.
* வெளியில் ஆயில் மாற்றினாலும் பில், ஆயில் கிரேடு, தேதி, கிலோமீட்டர் பத்திரம்.
* மறுப்பு எழுத்தில் வந்ததும் 1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண்ணில் புகார் செய்யவும். தீராவிட்டால் இ-ஜாக்ரிதி தளம் வழியாக ஆன்லைனிலேயே வழக்குத் தாக்கல் செய்யலாம்.

இதையெல்லாம் செய்தாலும் க்ளெய்ம் கிடைத்தே தீரும் என்று சொல்ல முடியாது. ஒருவேளை தவறு நம் மேல்தான் என்று நிபுணர் சொன்னால், கசந்தாலும் ஏற்றுக்கொள்ளத்தான் வேண்டும். நாம் கேட்பது இலவச இன்ஜின் அல்ல. பணம் கொடுக்க வேண்டியவரே காரணத்தையும் எழுதக் கூடாது என்பதைத்தான்.