மென்மையிலிருந்து தொடங்குங்கள்



மங்கிப்போன காரைப் பாலிஷ் செய்யக் கொடுக்கும்போது, எந்த பாலிஷ், எவ்வளவு கட்டணம் என்று கேட்கிறோம். எந்தப் பேட் என்று கேட்பவர் அரிது. ஆயினும் வண்ணப்பூச்சை உண்மையில் தொடுவது அந்தப் பேட் அல்லவா? ஒரே பாலிஷ், ஒரே இயந்திரம். பேட் மாறினால் விளைவும் மாறிவிடுகிறது.

இது ஏன் முக்கியம் என்பதை எண்ணிப் பாருங்கள். இன்றைய கார்களில் நிறத்திற்கு மேலே கிளியர் கோட் என்னும் நிறமற்ற அடுக்கு உண்டு. பெரும்பாலும் அதன் தடிமன் 35 முதல் 50 மைக்ரான் வரையே. தலைமயிரின் பருமனிலும் குறைவு. பாலிஷ் செய்யும்போது கீறல் நிரம்புவதில்லை. கீறலைச் சுற்றியுள்ள அடுக்கே தேய்ந்து சமமாகிறது. தேய்ந்தது மீண்டும் வளராது. எனவே ஒவ்வொரு பாலிஷும் ஒரு சிறு செலவே. பேட் அந்தச் செலவின் அளவைத் தீர்மானிக்கிறது.

கம்பளிப் பேட் வேகமாக அறுக்கும். ஆழ்ந்த கீறலுக்கும், உப்புத்தாள் தேய்த்த தடத்திற்கும், வெளிறிப்போன பழைய பூச்சுக்கும் அது தகும். ஃபோம் பேடுகளில் கடினமானது கீறலை நீக்கும், நடுத்தரமானது மெருகூட்டும், மிருதுவானது இறுதிப் பளபளப்பைத் தரும். நிறத்தைப் பார்த்து மயங்க வேண்டாம். ஒரு நிறுவனத்தின் ஆரஞ்சு நிறப் பேடும் மற்றொன்றின் ஆரஞ்சு நிறப் பேடும் ஒரே தன்மையுடையவை அல்ல.

"கம்பளியைப் போட்டால் வேலை விரைவில் முடியுமே" என்பார்கள். மெய்தான். ஆனால் அதன்பின் மிருதுவான பேடால் மெருகூட்டாவிட்டால், கருநிறக் கார்களில் வெயில் பட்டவுடன் சுழல் தடங்கள் தெரியும். அவற்றை நிரப்பி மறைக்கும் பூச்சுகளும் உண்டு. சில முறை கழுவினால் மறைந்தவை வெளிப்படும். அவசரத்தில் மிச்சப்படுத்திய நேரத்திற்குக் காரின் பூச்சே விலையாகிறது.

ஆகையால் என் கருத்து இதுவே: வேலையை முடிக்கப் போதுமான மிக மென்மையான பேடையே தெரிந்துகொள்ளுங்கள். முதலில் இரண்டடிச் சதுரத்தில் மட்டும் சோதியுங்கள். துடைத்துவிட்டு, வெயிலிலோ டார்ச் வெளிச்சத்திலோ பாருங்கள். கீறல் நீங்காவிட்டால் மட்டுமே ஒரு படி கடினமானதற்குச் செல்லுங்கள். விளிம்புகளிலும் மடிப்புகளிலும் பூச்சு எளிதில் தேய்ந்துபோகும், அங்கே அழுத்தாதீர்கள். அழுக்கேறிய பேட் எவ்வளவு மிருதுவாயினும் கீறும். அவ்வப்போது சுத்தம் செய்து, மாற்றிப் பயன்படுத்துங்கள்.

இத்தொழிலைச் செய்யும் நம் இளைஞரே, வாடிக்கையாளர் அந்த மெல்லிய அடுக்கை அளந்து பார்க்கப்போவதில்லை. நீங்கள் எவ்வளவு தேய்த்தீர்கள் என்பது உங்களுக்கு மட்டுமே தெரியும். காண்பவர் இல்லாத இடத்திலும் பிறர் பொருளைக் குறையாமல் காப்பதே உண்மையான கைத்திறன்.